செம்பூரில் தொளி மிதித்தேன்

தாராவியில் நான் இருந்த ஒற்றை அறையில் ஒன்பது பேர் குடியிருந்தோம். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் படுக்க முடியாது; அதற்கு ஒரு முறை இருந்தது. எனக்கு விழுந்த முறை மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை, கதவோரம், காலை மடக்கிக்கொண்டு. காலை நீட்டினால் கால் வாசலுக்கு வெளியே போகும். போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள். இராத்திரிக்கு மாட்டுங்காவில் நான் இலை எடுத்த மெஸ்ஸின் பின்கட்டு, எச்சில் இலைக் கூடைகளுக்குப் பக்கத்தில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயில் நின்ற ஊரிலெல்லாம் இறங்கிப் பார்த்தவனுக்கு அதுவே வசதிதான். ஆனால் ஒரு நாளாவது காலை முழுசாக நீட்டிப் படுக்கவேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. நான் விவசாயி ஆனது அந்த ஆசையால்தான்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ரேஷன் கடையில் கால்கடுக்க நின்ற நாட்கள். ஒரு வேளைச் சோற்றை விடுங்கள், காலி இடத்தில் காய்கறி போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோற்றை விடும் யோசனையைத் தாராவியில் நாங்கள் ஏற்கனவே அமல்படுத்தியிருந்தோம். காய்கறி போடும் யோசனை செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியைப் பிடித்துக்கொண்டது. அதன் செயலாளர் பாலக்காட்டுக்காரர், ஆபீஸ்கள் நிறைந்த கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருவார். ஒரு ஞாயிறு கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"ஏண்டாப்பா, ஊர்ல என்ன ஜோலி பண்ணிண்டிருந்தே?"

"வெவசாயம் சார்."

"பேஷ். தோட்டம் போட வருமோ?"

"என்ன சார் இப்படிக் கேக்கீங்க. தாமிரபரணித் தண்ணி குடிச்சவன்லா."

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தது உண்மை. விவசாயம் என்று நான் செய்தது, இரண்டு போகம் கூலிக்குத் தொளி மிதித்தது. நெல் நடுவதற்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, பச்சைக் குழையை வெட்டிப் போட்டு, மாடும் ஆளுமாக மிதித்து மிதித்து மண்ணைக் கூழாக்குவோம். அந்தக் கூழுக்குத்தான் எங்கள் பக்கம் தொளி என்று பேர். அதற்கு அப்புறம் வயலில் என்ன நடந்தது என்று பார்க்க நான் நின்றதில்லை. கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

செயலாளர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. சொசைட்டிக்குள் பத்து சென்ட் காலி இடம். அதன் மூலையில் ஒரு கிணறும், தகரக் கூரை போட்ட பம்ப் ரூமும். முனிசிபல் தண்ணீர் வந்த பிறகு அந்த ரூம் சும்மாக் கிடந்தது. காய்கறி விளைகிற வரைக்கும் நான் அதில் தங்கிக்கொள்ளலாம். விளையவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரூமை அளந்து பார்த்தேன். சுவரில் தலை முட்டாமல், கதவில் கால் முட்டாமல் படுக்க முடிந்தது. அன்றைக்கே மெஸ்ஸை விட்டேன்.

அந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் போகும்போது அது நன்றாகத்தான் இருந்தது. கறுப்புக் களிமண்தான், ஆனாலும் பல வருஷம் புல் முளைத்து, காய்ந்து, மறுபடி முளைத்து, ஒரு பிடி எடுத்தால் பொலபொலவென்று அவல் மாதிரி உதிர்ந்தது. எறும்பு ஓட்டையும் புழு ஓட்டையுமாக இருந்தது. கம்பால் கீறி வரிசையாக விதையைப் போட்டிருந்தால் போதும், தானாக வந்திருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டையும் உடைசலுமாக இருக்கிற மண்ணைப் பார்த்தால் வேலை செய்யாத மண் மாதிரித் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையை அதற்குச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தாராவியிலிருந்து என் சித்தப்பா மகனைக் கூட்டிவந்தேன். தோல் ஷெட்டில் வேலை செய்கிறவன். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏல, வெண்டைக்காய்க்கும் தொளி மிதிப்பாங்களால?"

"மண்ணுன்னா மிதிக்கத்தாம்ல செய்யணும். ஒனக்கு என்ன தெரியும், நீ தோலு நனைக்கவன்."

"சரிதாம்டே. நீ பெரிய பண்ணையாரு. எறங்கு."

பம்பை ஓடவிட்டுப் பத்து சென்டையும் குளமாக்கினோம். புல்லை வெட்டி உள்ளே போட்டோம். மூன்று நாள் மிதித்தோம். முதல் நாள் கட்டி கட்டியாக இருந்தது. இரண்டாம் நாள் மாவு மாதிரி ஆனது. மூன்றாம் நாள் காலைத் தூக்கினால் சளக்கென்று சத்தம் வந்தது. எனக்கு ஊரிலிருந்த நிறைவு வந்தது. பிறகு ஒரு பழைய கதவுப் பலகையைக் கயிறு கட்டி இழுத்து மட்டம் பண்ணினோம். மாலை வெயிலில் அந்தச் சேறு மின்னியது. மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் ஆபீசிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"அடடா! கண்ணாடி மாதிரின்னா இருக்கு. இதுதான் வேலைங்கறது, கேட்டியோ."

சொசைட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓடியது. நாலாக்கரையில் உத்தரப் பிரதேசத்துக்காரன் ஒருவன் பத்துப் பன்னிரண்டு எருமை வைத்து, மிச்ச இடத்தில் கீரையும் முள்ளங்கியும் போட்டிருந்தான். எல்லோரும் அவனை பையா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். சுவர் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

"அரே மதராசி! தான் லகாயேகா க்யா?"

நெல் நடப் போகிறாயா என்று கேட்கிறான். பாஜி போடப் போகிறேன், காய்கறி என்றேன். அவன் ஒரு தரம் சேற்றைப் பார்த்தான், ஒரு தரம் என்னைப் பார்த்தான், பிறகு எருமைகளிடம் திரும்பிப் போய்ச் சிரித்தான். எருமைகளுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கலாம். நினைத்தது சரி.

வெண்டை, கத்தரி, கொத்தவரை எல்லாம் விதைத்தேன். ஒரு வாரம் தண்ணீர் இறங்கவே இல்லை. பாதி விதை அழுகியது. மீதி, முளைத்து வெளியே வரப் பார்த்தபோது மேல்மண் காய்ந்து தட்டு மாதிரி இறுகிவிட்டது. சில முளைகள் அந்தத் தட்டைத் தலையால் தூக்கிக்கொண்டு நின்றன. பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த வாரம் மண் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு விரல் நுழைகிற மாதிரி, பிறகு கை நுழைகிற மாதிரி. சொசைட்டிப் பிள்ளைகள் வெடிப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று காதை வைத்துக் கேட்டார்கள். என் விவசாயத்தால் கிடைத்த முதல் பலன் அந்தப் பொழுதுபோக்குதான்.

செயலாளர் நிபுணரைக் கூட்டிவந்தார். இரண்டாவது மாடியில் இருந்தவர். டிராம்பே பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் சம்பந்தமான வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். ஒரு மண்கட்டியை எடுத்தார். கையால் உடைக்கப் பார்த்தார், உடையவில்லை. சுவரில் தட்டினார், சுவரில் காரை பெயர்ந்தது.

"என்னப்பா பண்ணினே இதை?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல மண்ணுன்னா அதுல பாதி ஓட்டைப்பா. அந்த ஓட்டையில காத்தும் தண்ணியும் இருக்கும். வேர் அது வழியாத்தான் போகும், மூச்சும் விடும். நெல்லுக்குத் தண்ணி நிக்கணும், அதனால உங்க ஊர்ல ஓட்டையை அடைக்கிறாங்க. வெண்டைக்காய்க்கு எதுக்கு அடைச்சே?"

எனக்கு அன்றைக்குத்தான் ஊரில் எதற்காக மிதித்தோம் என்பது தெரியவந்தது. இரண்டு போகம் மிதித்தபோது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப என்ன சார் செய்யணும்?"

இங்கேதான் படிப்பின் அழகு. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர், கையில் எது கிடைக்குமோ அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர் மூலம் ஒரு மூட்டை வெள்ளை உரம் வரவழைக்கலாம் என்றார். சொசைட்டிக் கமிட்டி ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. காற்றுப் போக வழியில்லாத மண்ணுக்குச் சர்க்கரை மாதிரி வெள்ளையாகத் தூவினோம், தண்ணீர் விட்டோம். மூக்கை அடைத்துவிட்டுப் பாயசம் ஊட்டுகிற மாதிரி. தப்பிப் பிழைத்திருந்த நாலைந்து கத்தரிச் செடிகளும் இலை நுனி கருகிப் போய்ச் சேர்ந்தன. மண் மேல் வெள்ளையாக ஒரு படிவு நின்றது. நிபுணர் அதற்கப்புறம் பின்பக்க வாசல் வழியாக ஆபீஸ் போனார்.

ஜனவரி பிறந்தது. செயலாளர் பம்ப் ரூம் வாசலில் வந்து நின்றார். அன்று என் கால்கள் நீட்டியிருந்தன; அவசரமாக மடக்கினேன்.

"குடியரசு தினத்துக்குக் கொடியேத்த முனிசிபாலிட்டிலேர்ந்து ஒரு பெரியவர் வரார். தோட்டத்தைப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள ஏதாவது பண்ணு. இந்தப் பாளம் பாளமா வெடிச்சதை அவர் பாத்தார்னா சொசைட்டி மானம் போயிடும். பண்ண முடியலேன்னா சாவியை வெச்சுட்டுப் போயிடு."

பத்து நாளில் களிமண்ணில் என்ன விளையும்? வெடிப்பு இன்னும் பெரிதாகும். தாராவிக் கதவோரம் என் இடத்தை வேறொருவன் பிடித்துவிட்டான் என்று சித்தப்பா மகன் சொல்லியிருந்தான். திரும்பிப் போனால் மடக்கிப் படுக்கக்கூட இடம் கிடையாது.

அதே வாரம் பையாவுக்கும் ஒரு சங்கடம். எருமைக்கு அடியில் போட்டு நனைந்த வைக்கோல், சாணி, தின்று கழித்த கடபா என்கிற சோளத்தட்டை, எல்லாவற்றையும் அவன் நாலாவில் தள்ளிவந்தான். நாலா அடைத்துக்கொண்டது. முனிசிபல் ஆள் வந்து, இன்னொரு தரம் தள்ளினால் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தான். பையா சுவர் மேல் தலையை நீட்டினான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"மதராசி பாய், ஏ கச்ரா உதர் டால் தூம் க்யா?"

இந்தக் குப்பையை உன் பக்கம் கொட்டட்டுமா என்கிறான். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வெடிப்பை மூட ஏதாவது வேண்டும். அவனுக்குக் குப்பையை மறைக்க ஓர் இடம் வேண்டும். இரண்டு குற்றவாளிகள் கூட்டுச் சேர்ந்தோம். அவன் சுவருக்கு மேலாகக் கூடை கூடையாகத் தள்ள, நான் இழுத்துப் பரப்பினேன். ஒரு முழ உயரத்துக்குப் பத்து சென்டையும் மூடினோம். மாட்டுங்கா மெஸ்ஸிலிருந்து, பழைய பழக்கத்தில், கைவண்டி நிறைய எச்சில் இலையும் காப்பித் தூளும் வாங்கிவந்து மேலே போட்டேன். இலை பச்சையாக இருந்ததால் தூரத்திலிருந்து பார்க்கத் தோட்டம் மாதிரியே இருந்தது.

குடியரசு தினத்தன்று பெரியவர் வந்தார். கொடியேற்றினார். தோட்டத்தருகே வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"மண்ணு ஓய்வு எடுக்குது சார்."

செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். இது நவீன முறையாக்கும், மூடாக்கு விவசாயம், நிலத்துக்கு ஓய்வு கொடுத்து அப்புறம் விதைப்பது என்று இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசினார். பெரியவர் கைக்குட்டைக்குள்ளிருந்தே பாராட்டினார். இரண்டாவது மாடி நிபுணர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடிக்கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் உர மூட்டை ஞாபகம் இருந்தது.

பொய் சொல்வதில் உள்ள கஷ்டம், அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். குப்பை அமுங்க அமுங்க வெடிப்பு தெரிந்துவிடுமோ என்று பயந்து, கோடை முழுக்க மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்தேன். பையா மகிழ்ச்சியாகத் தள்ளினான். மாடிக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். "என்னடாப்பா, இன்னும் ஓய்வுதானா?" என்று செயலாளர் கேட்கும்போதெல்லாம் "ரொம்பக் களைச்சுப் போயிருக்கு சார்" என்றேன். மிதிக்கவில்லை, கொத்தவில்லை, கிளறவில்லை. சோம்பேறித்தனம் பாதி, கிளறினால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்ற பயம் மீதி.

ஜூனில் மழை பிடித்தது. ஒரு வாரம் கொட்டியது. போன வருஷம் பாய்ச்சிய தண்ணீர் ஒரு வாரம் இறங்காத நினைப்பில், காலையில் எழுந்தால் பம்ப் ரூம் வாசலில் குளம் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. பெய்த தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் குப்பையை ஓர் ஓரம் விலக்கி விரலை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. ஒரு பிடி எடுத்தேன். அவல் மாதிரி உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்தது. பத்து சென்டிலும் ஆயிரக்கணக்கில் அவை வேலை செய்துகொண்டிருந்தன. நான் மூன்று நாள் மிதித்து அடைத்த ஓட்டைகளை அவை ஐந்து மாதமாகத் திறந்துகொண்டிருந்திருக்கின்றன. என்னைவிட நல்ல கூலியாட்கள். தங்க ரூம் கேட்கவில்லை.

குப்பையில் குழி பண்ணிப் பூசணி விதையும் வெண்டையும் போட்டேன். கீரையைச் சும்மாத் தூவினேன். அதன் பிறகு செய்த ஒரே வேலை, ஒதுங்கி நின்றது. ஜூலை முடிவதற்குள் பூசணிக்கொடி சுவரேறிப் பையா பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் காய்த்ததை அவன் வைத்துக்கொண்டான், நியாயம்தான். இந்தப் பக்கம் காய்த்த வெண்டைக்காயை மூன்று மாடிக்காரர்களும் ஜன்னலைத் திறந்து கூடை இறக்கி வாங்கிக்கொண்டார்கள். நாற்றம் பற்றிய புகார்கள் அந்த வாரமே நின்றுபோயின.

ஆகஸ்ட் முதல் வாரம் செயலாளர் மறுபடி வந்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"சுதந்திர தினத்துக்கு அதே பெரியவர் வரார். காய் நன்னாத்தான் இருக்கு, இல்லேங்கலை. ஆனா தோட்டம் பாக்கக் குப்பைமேடு மாதிரி இருக்கே. மொதல்ல பண்ணினியே, அது எவ்வளவு நேர்த்தி! கண்ணாடி மாதிரி. அந்த மாதிரி பண்ணிடு."

"சார், அப்படி மிதிச்சா மண்ணு செத்துரும்."

"நீ என்ன படிச்சிருக்கே?"

"அஞ்சாப்பு பாதி."

"நான் பி.காம். மண்ணு சாகாது. மிதி."

நான் நிபுணரைத் தேடிப் போனேன். அவர் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அவர் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சொல்றதுதான் சரி. ஆனா கமிட்டி விஷயத்துல நான் தலையிடறதில்லை" என்றார். உர மூட்டை விஷயத்தில் தலையிட்டது போதும் என்று நினைத்திருப்பார்.

மறுபடி மிதித்தால் புழுக்கள் போய்விடும், காய் போய்விடும், அடுத்த ஜனவரியில் வெடிப்பு வரும், சாவியும் போகும். மிதிக்காவிட்டால் சாவி இன்றைக்கே போகும். பம்ப் ரூமில் படுத்துக் காலை நீட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்னல, மறுபடியும் பத்து சென்டா? நான் வரலடே. போன தடவை மிதிச்சது இன்னும் முட்டி வலிக்கி."

"பத்து இல்லல. நாலடி."

தோட்டத்தின் முன்னோரமாக, வாசல் கேட்டிலிருந்து கொடிக்கம்பம் வரை நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு. பெரியவர் நிற்கிற இடம், போட்டோக்காரர் நிற்கிற இடம், அவ்வளவுதான். அதை மட்டும் தண்ணீர் விட்டு, அரைநாள் மிதித்து, அதே கதவுப் பலகையால் வழித்து விட்டோம். பின்னாலிருந்த மண்ணைத் தொடவில்லை. சுதந்திர தினத்தன்று மழை ஓய்ந்து வெயில் அடித்தது. அந்த நாலடி மின்னியது.

பெரியவர் கைக்குட்டையை எடுக்கவில்லை. "என்ன சுத்தம், என்ன உழைப்பு" என்றார். பின்னாலிருந்த வெண்டைச் செடிகளைத் தாண்டித்தான் அவர் பார்வை போனது, செடிகளைப் பார்க்கவில்லை. செயலாளர் என் தோளில் தட்டினார். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பையா சேற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

அந்த ரூமில் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தேன். எனக்கு அது மிக நீண்ட காலம். நாலடித் துண்டு மட்டும் மழைக்குப் பிறகு காய்ந்து இறுகிக் கல்லானது, புல்கூட முளைக்கவில்லை. வருஷக்கணக்காகப் பதிந்து வைத்துக் காத்திருந்து கிடைத்த ஸ்கூட்டரைச் செயலாளர் அதன் மேல்தான் நிறுத்தினார். எவ்வளவு மழை பெய்தாலும் ஸ்டாண்டு ஓர் அங்குலம்கூட மண்ணில் இறங்கவில்லை. என்னையும் அந்த நாலடியையும் காட்டி, தோட்டம் என்றால் இப்படித்தான் போடவேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.